ஆடியிலும் வற்றாத குட்டை

கனகம் மூச்சைப் பிடித்துக்கொண்டு முங்கினாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு, அல்லித் தண்டைக் கையில் பற்றி, அது போன வழியே அடிவரை போனாள். கிழங்கு தட்டுப்பட்டது. பத்து விரலையும் சேற்றுக்குள் விட்டு, மண்ணோடு சேர்த்து அதை ஏந்திக்கொண்டு மேலே வந்து வாயைத் திறந்து மூச்சு வாங்கினாள்.

"சீக்கிரம் ஆவட்டும்" என்றான் கரையில் நின்ற புருஷன் பரசுராமன். "ஒம்போதுக்கெல்லாம் ஆபீசர் வந்துடுவாரு."

அவன் நீட்டிய பெயின்ட் டப்பாவில் கிழங்கை வைத்து, மேலே ஒரு கை சேற்றை அப்பினாள். ஆடி மாசம். பிள்ளைப்பாக்கம் ஏரி பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. மதகடிப் பள்ளத்தில் மட்டும் தண்ணீர். அந்தப் பள்ளத்தில்தான் விடிந்ததும் விடியாததுமாக அவளைக் கொண்டுவந்து இறக்கியிருந்தான் புருஷன்.

"இதுக்கு இன்னாத்துக்கு முங்கிகினு கெடக்கற? எலைய அறுத்தாந்து மெதக்க வுட்டா ஆச்சு."

"அறுத்த எல வெயில் பட்டா சுருண்டுக்கும். ஆபீசர் எதிர்லயே சுருளணுமா?"

மினி லாரியின் மேல் நின்று டப்பாக்களை வாங்கி அடுக்கிக்கொண்டிருந்தான் திருமலை. பரசுராமனின் அண்ணன் மகன். வண்டி அவனுடையது.

"சித்தி, ஆகாயத்தாமரைன்னா ரோட்டோரமே லோடு லோடா கீது. அள்ளிப் போட்டா அஞ்சு நிமிசத்துல குட்டை ரொம்பிடும்."

"அது சாக்கடைல வளர்றது. அத்த கொண்டாந்து வுட்டா, பாக்கறவன் சாக்கடைன்னுதான் நெனப்பான்" என்றாள் கனகம். "நல்ல தண்ணின்னு காட்டணும்னா அல்லிதான். அதுலயும் அந்த வெள்ளைய எடுக்காத. அது ராவுல பூக்கறது, வெயிலேறுனா மூடிக்கும். இந்த நீலம்தான் பகல்ல விரியும்."

திருமலை வெள்ளைப் பூ இருந்த டப்பாவை வண்டியிலிருந்து கீழே தள்ளினான்.

"சம்புக் கோரை அறுத்தியா?"

"ரெண்டு கட்டு."

"வேரோட எடுக்கச் சொன்னேனே."

"வேரோடதான் சித்தி. கையெல்லாம் கிழிஞ்சிகினு வருது பாரு."

"குட்டைக் கரையோரம் முழுக்க நெருக்கி நடணும். அங்கதான் ஒண்ணுமே மொளைக்காம வெள்ளையா உப்புப் பூத்துக் கெடக்குது."

சொல்லிவிட்டு மறுபடி முங்கினாள். தண்ணீருக்குள் இருக்கும்போது மட்டும் அவளுக்கு அந்த நீல உதடுகள் கண்ணுக்குத் தெரியவில்லை.

சுகப்பிரியாவின் உதடுகள்.

பரசுராமன் வீட்டுக்குப் பின்னால் ஒரு காலத்தில் கத்தரித் தோட்டம் இருந்தது. சுற்றுவட்டாரத்தில் கம்பெனிகள் ஒவ்வொன்றாக வந்தபோது, மேடேற்ற மண் வேண்டும் என்று எல்லோரும் அலைந்தார்கள். பரசுராமன் தோட்டத்து மண்ணை விற்றான். ஜேசிபி வந்து செங்குத்தாக வெட்டி அள்ளிக்கொண்டு போன இடத்தில் பெரும்பள்ளம் விழுந்தது. மண் காசில் பள்ளத்தை ஒட்டி வரிசையாக ரூம்கள் கட்டி, தெற்கிலிருந்து வேலைக்கு வந்த பையன்களுக்கு வாடகைக்கு விட்டான். அதற்கப்புறம் ஒருநாள் ஒரு டேங்கர் லாரி வந்தது. ரூம் பையன்கள் நைட் ஷிப்டுக்குப் போன பிறகு வரும். குழாயைப் பள்ளத்தில் விட்டுக் காலி செய்துவிட்டுப் போய்விடும். "இன்னாயா தண்ணி அது?" என்று கனகம் கேட்டபோது, "கம்பெனில கழுவுன தண்ணி. உனக்கு இன்னாத்துக்கு" என்றான். அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. வேலி போடச் சொன்னாள், போட்டான். கேட்டுக்குப் பூட்டு வாங்கச் சொன்னாள், வாங்கவில்லை.

சுகப்பிரியா மூன்றாம் ரூம் அருள்பாண்டியின் பெண்டாட்டி. அம்பாசமுத்திரத்துப் பெண். கல்யாணமாகி வந்து இன்னும் ஒரு தீபாவளி பார்க்காதவள். அவள் ஊரில் பதினெட்டாம் பெருக்குக்கு ஆற்றங்கரைக்குப் போவார்களாம். வெறும் வயிற்றோடு போய், தாலிக்கயிறு மாற்றி, மஞ்சளும் பூவும் ஆற்றில் விட்டு, ஒரு சொம்பு ஆற்றுத் தண்ணீரை மொண்டு மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டுத்தான் விரதத்தை முடிப்பார்களாம். இங்கே ஆறு ஏது? கிணறு எல்லாம் காய்ந்து கிடக்க, வீட்டுக்குப் பின்னால் மழையே இல்லாமல் தளும்பிக்கொண்டிருந்த குட்டை அவள் கண்ணில் பட்டது. கண்ணாடி மாதிரித் தண்ணீர். கனகம் கோயிலுக்குக் கூழ் ஊற்றப் போயிருந்த நேரம். கேட்டைத் திறந்துகொண்டு போனாள் அந்தப் பெண்.

நேற்று மத்தியானம் கனகம் திரும்பி வந்தபோது அவள் ரூம் வாசலில் சுருண்டு கிடந்தாள். உதடு, நகம், காது மடல் எல்லாம் நாவல் பழம் தின்ற மாதிரி நீலம்.

காஞ்சிபுரத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் கனகத்திடமும் கேட்டார். "குட்டைத் தண்ணி, குட்டைத் தண்ணின்னு இந்தப் பையன் சொல்றாரு. வெறும் குட்டைத் தண்ணி இப்படிப் பண்ணாதும்மா. ஆக்சிஜன் வெச்சும் கலர் மாறல. ஏதோ கெமிக்கல் உள்ள போயிருக்கு. அது என்னன்னு பேர் தெரிஞ்சா மாத்து மருந்து குடுத்துப் பார்க்கலாம். தெரியாம எதைக் குடுக்கறது?"

கனகம் நேற்று ராத்திரி வீட்டுக்கு வந்து புருஷன் எதிரில் உட்கார்ந்தாள். "அந்த லாரி கம்பெனிக்காரன் பேரு, அந்தத் தண்ணிக்குப் பேரு. ரெண்டும் சொல்லு." கேட்டாள், கெஞ்சினாள், அழுதாள். அவன் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான்.

அப்படிப்பட்டவன் விடியற்காலை தானே வந்து எழுப்பினான். கையில் செல்போன்.

"ஆஸ்பத்திரிலேர்ந்து எழுதிப் போட்டுட்டானுங்க. குட்டைய பாக்க ஆபீசர் வர்றாரு. நீ ஏரிக்கரைல பொறந்து வளந்த பொண்ணு, தண்ணிச் செடி அத்தினியும் உனக்குத் தெரியும். குட்டைல செடி கொடி வெச்சி, காலங்காலமா கெடக்கற குட்டை மாதிரி காட்டிக் குடு. ஆபீசர் அந்தாண்ட போனதும் தண்ணி பேரைச் சொல்றேன். நீயே போயி டாக்டராண்ட சொல்லிக்கோ."

"இப்பவே சொல்லு. சொல்லிட்டு வந்து செடி வெக்கறேன்."

"பேரு தெரிஞ்சா நீ நேரா அங்கதான் ஓடுவே. குட்டை அப்படியே கெடக்கும். நான் உள்ள போவேன். மொதல்ல குட்டை."

அதற்கு மேல் பேச நேரமில்லை. பேசிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு நிமிஷமும் அந்தப் பெண்ணின் மூச்சிலிருந்து எடுக்கிற மாதிரி இருந்தது. கனகம் புடவையை வாரிச் செருகிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

வண்டி வீட்டுக்கு வந்தபோது வெயில் உறைக்க ஆரம்பித்திருந்தது. ரூம்கள் எல்லாம் பூட்டிக் கிடந்தன. பையன்கள் ஃபர்ஸ்ட் ஷிப்டுக்குப் போய்விட்டார்கள். கனகம் குட்டையில் இறங்கினாள். முதல் அடி வைத்ததுமே காலில் இருந்த கீறல்கள் சுரீரென்று எரிந்தன. பல்லைக் கடித்துக்கொண்டு டப்பாக்களை ஒவ்வொன்றாக வாங்கி அடியில் நிறுத்தினாள். ஓரத்தில் ஆழம் குறைவான இடத்தில் நெருக்கமாக. நடுவில் ஆள் இறங்க முடியாது, அது செங்குத்துப் பள்ளம். அங்கே கரைக்குக் கரை இழுத்துக் கட்டிய கயிற்றில் டப்பாவைக் கட்டி, இலை தண்ணீர் மட்டத்தில் நிற்கிற அளவுக்குத் தொங்கவிட்டு, கயிற்று நுனியைச் சம்புக்குள் மறைத்தாள். வேரோடு வந்த சேறு கரைந்து, கண்ணாடித் தண்ணீர் கலங்கி ஏரித் தண்ணீர் நிறத்துக்கு வந்தது. இலைகள் ஒன்றோடொன்று உரசிப் படர்ந்தன. நீலப் பூக்கள் நிமிர்ந்தன.

திருமலை ஒரு நிமிஷம் வாயைப் பிளந்துகொண்டு நின்றான். "ஐயோ சித்தி, நானே இதுல குளிச்சிடுவேன் போலக்கீது."

"வாய மூடு" என்றாள் கனகம்.

பரசுராமன் வண்டியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தான். உள்ளே ஏதோ துள்ளியது.

"இன்னாது?"

"மீனு. ஏரிலயே புடிச்சான் திருமலை. நாலு மீனு துள்ளுனா தண்ணி நல்ல தண்ணின்னு சின்னப் புள்ள கூட சொல்லும்."

"வேணாம்யா. மீனு நிக்காது. செத்து மெதக்கும்."

"ஒரு மணி நேரம் நிக்காதா? நீ சும்மா கெட." குடத்தைக் கவிழ்த்தான். நாலைந்து கெண்டைகள் வெள்ளியாகச் சரிந்து இலைகளுக்கடியில் மறைந்தன.

அந்த நேரத்தில் வாசலில் ஜீப் சத்தம்.

சுகாதார ஆபீசர் நாகப்பன் ஐம்பது வயதுக்காரர். வெயிலில் நடந்து பழகிய முகம். பரசுராமன் அவரை வாசலிலேயே நிறுத்தி, தோளோடு அணைக்காத குறையாக ஓரங்கட்டி எதையோ பேசிவிட்டுத்தான் பின்பக்கம் அழைத்து வந்தான். கனகம் ஈரப் புடவையை மாற்றாமல் குட்டைக் கரையில் நின்றிருந்தாள். அவளைப் பார்த்ததும் ஆபீசர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பாவம், சின்ன வயசு" என்பது மட்டும் அவள் காதில் விழுந்தது.

குட்டையை அவர் உடனே பார்க்கவில்லை. முதலில் சுற்றிலும் பார்த்தார். வேலி, ரூம்கள், போர் குழாய். அப்புறம்தான் தண்ணீர்.

"பரவால்லியே. அல்லிக் குட்டை மாதிரி வெச்சிருக்கீங்க. இந்தக் காய்ச்சல்லயும் தண்ணி நிக்குது."

"ஊத்து சார்" என்றான் பரசுராமன். "எங்க பாட்டன் காலத்துலேர்ந்து கெடக்குது."

"லாரி ஏதாவது வந்து தண்ணி வுடறதா ஒரு பேச்சு..."

"எவன் சொன்னான் சார்? ரூமு வாடகை ஏத்திட்டேன்னு எவனாவது கெளப்பி வுட்டிருப்பான்."

ஆபீசர் கனகம் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்கம்மா. இந்தத் தண்ணில வெளியிலேர்ந்து எதாவது கலக்குதா?"

அவளுக்குத் தொண்டை வரை வந்தது. ஆனால் இவரிடம் என்னவென்று சொல்வது? 'லாரித் தண்ணி' என்று சொல்லலாம். லாரித் தண்ணிக்கு மாற்று மருந்து கிடையாது. பேர் வேண்டும். அந்தப் பேர் பரசுராமன் வாயில் இருந்தது. அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இல்லீங்க" என்றாள். ஆபீசர் குனிந்து காகிதத்தில் எழுதினார்.

அதே நொடியில், ஆபீசர் நின்ற இடத்துக்கு நேர் எதிரே, இரண்டு இலைகளுக்கு நடுவில், ஒரு மீன் மேலே வந்தது. வாயை வாயைத் திறந்தது. ஒரு சுற்றுச் சுற்றிப் பக்கவாட்டில் சாய்ந்தது. வெள்ளை வயிறு பளிச்சென்று தெரிந்தது. இன்னும் இரண்டு அடி தள்ளி இன்னொன்று.

பரசுராமனும் பார்த்துவிட்டான். அவன் முகத்தில் ரத்தம் சுண்டியது. ஆபீசர் கையில் இருந்த காகிதத்திலிருந்து தலையை நிமிர்த்தப் போகிறார்.

கனகம் தண்ணீரில் இறங்கினாள். சாமிக்குப் பூப் பறிக்கப் போகிறவள் போல நிதானமாக. முழங்கால் வரை, அப்புறம் தொடை வரை. எரிச்சல் நெருப்பாக ஏறியது. பெரிய இலை ஒன்றை இழுத்து முதல் மீனின் மேல் போர்த்தினாள். இரண்டாவதைக் காலால் அமுக்கி, இலைக்கடியில் தள்ளினாள். இரண்டு நீலப் பூக்களைக் கிள்ளிக் கையில் எடுத்துக்கொண்டு, அவர் நிமிர்ந்தபோது அவரைப் பார்த்து நின்றாள்.

"என்னம்மா தண்ணில இறங்கிட்டீங்க?"

"பூஜைக்குப் பூ சார். வெயிலேறுனா வாடிடும்."

நாகப்பன் அவளையும் அவள் கையில் இருந்த பூவையும் பார்த்தார். தண்ணீரில் தொடை வரை நிற்கிற பெண்பிள்ளையைப் பார்த்தார். பேனாவை மூடினார்.

"வீட்டுக்காரம்மாவே இறங்கி நிக்கிறாங்க. இதுல என்ன சந்தேகம்? நேத்து அந்தப் பொண்ணு என்ன சமைச்சிச்சு, தெரியுமா?"

"பெருக்குக்குக் கலந்த சோறு சார்" என்று முந்திக்கொண்டான் பரசுராமன். "தேங்கா சோறு, எலுமிச்சை, புளி. ரூம்லயே கீது. என்னாண்ட இன்னொரு சாவி கீது."

மூன்றாம் ரூமைத் திறந்தார்கள். அடுப்படியில் மூடி வைத்த தூக்குகளில் நேற்றைய சோறு ஊசிப்போய் வாடை அடித்தது. வெறும் வயிற்றில் தண்ணீரைக் குடித்தவள் அதில் ஒரு வாய்கூடச் சாப்பிட்டிருக்கவில்லை என்பது கனகத்துக்குத் தெரியும். ஆபீசர் மூக்கைப் பொத்திக்கொண்டு, கொண்டுவந்த பாட்டிலில் தேங்காய்ச் சோற்றை அள்ளிப் போட்டு மூடி, மேலே ஒரு சீட்டு ஒட்டினார்.

"இதான். வேற ஒண்ணும் இருக்காது" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

ஜீப் தெரு முனை திரும்பியதும் பரசுராமன் பெருமூச்சு விட்டு வாசல்படியில் உட்கார்ந்தான்.

"தப்பிச்சோம்டா திருமலை. மீனு மேட்டர்ல உங்க சித்தி மட்டும் இல்லேன்னா..."

"பேரு" என்றாள் கனகம்.

"மொதல்ல கால கழுவிகினு வா. செவந்து கீது பாரு."

"பேரைச் சொல்லுயா."

அவன் அவளைப் பார்க்கவில்லை. செருப்பைக் கழற்றி அதில் ஒட்டியிருந்த சேற்றைத் தட்டினான். "இரும்பு சாமானைக் காய்ச்சி, உப்புக் கரைசல்ல முக்கி எடுப்பானுங்களாம். அத்த கழுவுன தண்ணி. நைட்ரைட்டுன்னு டிரைவர் சொன்னான். சோடியம் நைட்ரைட்டு."

"திருப்பிச் சொல்லு."

"சோடியம் நைட்ரைட்டு."

இவ்வளவு சுலபமாகச் சொல்லிவிடுவான் என்று அவள் நினைக்கவில்லை. இன்னும் இழுப்பான், சத்தியம் கேட்பான், தன் பேர் வரக்கூடாது என்பான் என்றெல்லாம் எதிர்பார்த்திருந்தாள். ஒன்றும் இல்லை.

"டாக்டராண்ட எங்கேர்ந்து வந்திச்சின்னு கேட்டா இன்னா சொல்லட்டும்?"

"உனக்கு இன்னா தோணுதோ சொல்லு" என்றான். எழுந்து உள்ளே போய்விட்டான்.

அவள் புடவை மாற்றவில்லை. ஈரம் சொட்டச் சொட்ட ரோட்டுக்கு ஓடினாள். பஸ்ஸில் கண்டக்டர், "இன்னாம்மா, எங்க விழுந்து எழுந்து வர்ற?" என்றார். டிக்கெட் வாங்கினாள். மற்றபடி வாயைத் திறக்கவில்லை. வேறு எதையாவது பேசினால் அந்தப் பேர் மறந்துவிடும் என்று பயமாக இருந்தது. சோடியம் நைட்ரைட்டு. சோடியம் நைட்ரைட்டு. வாலாஜாபாத் வந்ததும் யாரோ கூடையை மேலே ஏற்ற நேரம் பண்ணினார்கள். டிரைவர் இறங்கி டீ குடித்தான். அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கால் முழங்கால் வரை கொப்புளம் கட்டிக்கொண்டு வந்தது. எரியட்டும். அந்தப் பெண் பிழைத்தால் போதும். அப்புறம் போலீஸ் வரட்டும், புருஷன் உள்ளே போகட்டும், தன்னையும் சேர்த்துப் போடட்டும். பேர் கையில் இருக்கிறது. டாக்டர் பெரிய ஆள். மருந்து வைத்திருப்பார்.

ஆஸ்பத்திரி வாசலில் ஒரு ரூபாய் காயின் போன் பக்கத்தில், சைக்கிள் ஸ்டாண்டின் நிழலில், அருள்பாண்டி குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். நேற்று போட்டிருந்த அதே கம்பெனி சட்டை. மடியில் சுகப்பிரியாவின் துணிப்பை. டீ குடிக்க வந்திருக்கிறான் போல என்று நினைத்துக்கொண்டு அவன் எதிரில் போய் நின்றாள்.

"அருளு, வா, டாக்டராண்ட போலாம். பேரு கெடச்சிடுச்சி. சோடியம் நைட்ரைட்டு. லாரில வந்த தண்ணி. எங்க வூட்டுக்காரருதான் வுட்டாரு. எல்லாத்தையும் சொல்லிடறேன். எழுந்திருப்பா."

அவன் எழுந்திருக்கவில்லை. அவள் முகத்தை ஏறிட்டுப் பார்த்தான். சேறு காய்ந்து ஒட்டியிருந்த அவள் புடவையை, கொப்புளம் கட்டிய காலை, இன்னும் அவள் கைக்குள் கசங்கிக் கிடந்த நீலப் பூவைப் பார்த்தான். எதுவுமே அவனுக்குப் புரியவில்லை என்று தெரிந்தது.

"எந்த டாக்டர்ட்டக்கா சொல்லப் போறிய?"

"நேத்து கேட்டாரே, அவராண்டதான். மாத்து மருந்து குடுக்கலாம்னாரே. எழுந்திரு, நேரம் போவுது."

"கிழக்கு வெளுக்குததுக்கு முந்தியே முடிஞ்சிட்டுக்கா" என்றான் அருள்பாண்டி. குரலில் அழுகை இல்லை, அதெல்லாம் எப்போதோ தீர்ந்து போயிருந்தது. "பாடிய அறுக்கணும்னு உள்ள கொண்டுட்டுப் போயிட்டாவ. எனக்கு இங்க யாரத் தெரியும்? இந்தா, இந்தப் போன்ல இருந்து மொத மொதல்ல உங்க வீட்டு அண்ணாச்சிக்குத்தான் பேசுனேன். எடுத்தாவ, எல்லாத்தையும் கேட்டாவ. 'அக்கா தூங்குதாவ, நானே எழுப்பிச் சொல்லிக்கிடுதேன்'னு சொல்லிட்டு போன வச்சாவ."